தங்கம் ரஷ்யாவுக்கு, வெற்றி யாருக்கு?

1968 ஆகஸ்டில் ரஷ்ய டாங்கிகள் செக்கோஸ்லோவாகியாவுக்குள் புகுந்தன. மக்களின் குமுறலுக்கு ஏழு மாதம் கழித்து ஒரு வடிகால் கிடைத்தது. அதுதான் பனித்தரையில் சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கி!

1969 உலகப் போட்டி, செக் தலைநகர் பிராகில் நடக்க வேண்டியது. படையெடுப்பால் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமுக்கு மாறியது. செக் வீரர்கள் சிலர், சட்டைச் சின்னத்திலிருந்த சிவப்பு நட்சத்திரத்தை டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடினார்கள். மார்ச் 21-ல் 2-0, 28-ல் 4-3. இரண்டு முறையும் ரஷ்யா தோற்றது!

28-ம் தேதி இரவு பிராக் வீதிகளில் மக்கள் வெள்ளம். ரஷ்ய விமானக் கம்பெனியான ஏரோஃப்ளாட்டின் அலுவலகம் சூறையாடப்பட்டது. மாஸ்கோவுக்கு அதுவே சாக்காயிற்று. ஏப்ரல் 17-ல் சீர்திருத்தத் தலைவர் டூப்செக் கட்சித் தலைமையை இழந்தார்.

புள்ளிகள் சமம், ஆனாலும் கோல் கணக்கில் தங்கம் ரஷ்யாவுக்கே போயிற்று. செக் அணிக்கு வெண்கலம். செக் மக்கள் இன்றும் பேசுவது பதக்கத்தை அல்ல, அந்த இரண்டு ஆட்டங்களைத்தான்.