குதிரைக்கறி நமக்கு ஏன் தொண்டையில் இறங்குவதில்லை?

சிம்மக்கல் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் ஆட்டில் வீணாகப் போகிற பாகம் எதுவும் இல்லை என்பது தெரிந்துவிடும். தலைக்கறி, மூளை, ஈரல், சுவரொட்டி, குடல், ரத்தப்பொரியல், கால் சூப் எல்லாம் கிடைக்கும். கறி தோசைக்கென்றே வெளியூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். காடை, முயல், வான்கோழி, புறா, அயிரை மீன் என்று பட்டியல் நீளும். இப்படி நாக்குக்குத் தடையில்லாத ஊரில் "குதிரைக்கறி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், "ச்சீ" என்பார்கள். ஆபீஸ் வாட்ஸப் குழுவில் ஒருவர் கஜகஸ்தானின் 'கஸி' என்ற குதிரைக்கறித் தொத்திறைச்சிப் படத்தைப் போட்டபோது வந்த பதில்களும் அதே ரகம்தான். தினமும் மட்டன் சுக்கா சாப்பிடுகிற ஆட்கள்!

ஏன் என்று கேட்டேன். முதல் பதில்: "அது தெய்வம்யா. அழகர் எதுல வர்றாரு?"

கேட்க நன்றாக இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரை வாகனத்தில் வைகையில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஊருக்கு ஊர் அய்யனாருக்கு மண்குதிரை நிற்கிறது. புரவி எடுப்பு அன்று வேளார் வீட்டுக் குதிரைகள் தோளில் ஏறி ஊர்வலம் போகின்றன. ஆனால் இந்த வாதம் இரண்டு நிமிடம் தாங்காது. சேவல் முருகனின் கொடி, அதைத்தான் ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கிறோம். ஆடு அக்னியின் வாகனம். மீன் பாண்டியன் கொடியில் இருந்தது, திருமாலின் முதல் அவதாரமும் அதுதான். பன்றி மூன்றாவது அவதாரம். தெய்வத்தோடு தொடர்பு இருந்தால் சாப்பிடக்கூடாது என்று விதி வைத்தால் மதுரையில் பாதி மெஸ்ஸை மூட வேண்டியதுதான்.

அடுத்து விலை. இது கொஞ்சம் கெட்டியான வாதம். தமிழ்நாட்டின் வெப்பமும் ஈரமும் குதிரை வளர்ப்புக்கு ஒத்துவராது. நல்ல குதிரை எப்போதும் கடல்வழி வந்த சரக்குதான். கப்பலில் குதிரை வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை காலத்திலேயே பாடியிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினார் என்கிறார். அவர் சகோதரர்களும் தனித்தனியே வாங்கினார்களாம். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு இன்னும் பெரிது: மாபார் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 10,000 குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தினார். பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்கு 22 லட்சம் தினார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை யார் குழம்பில் போடுவார்கள்?

ஆனால் இதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அதே மார்க்கோ போலோதான், வந்த குதிரைகளில் ஆண்டுக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்றும் சொல்கிறார். லாடம் அடிக்கத் தெரிந்தவர் இல்லை, பராமரிப்பு தெரியாது, சோற்றோடு வேகவைத்த இறைச்சியைத் தீனியாகப் போடுகிறார்கள் என்று புலம்புகிறார். (குதிரைக்குக் கறி போட்டிருக்கிறோம், குதிரையைக் கறி போடவில்லை.) எண்ணிக்கையைக் கொஞ்சம் ஊதியிருப்பார் என்று வைத்துக்கொண்டாலும் குதிரைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன என்பது தெரிகிறது. உயிரோடு இருக்கும் குதிரைக்குத்தான் 220 தினார். செத்த குதிரைக்கு ஏது விலை? செத்த மாட்டை நம் கிராமங்கள் என்ன செய்தன என்று யோசியுங்கள். அதைத் தூக்குவதும் உரிப்பதும் சிலர் தலையில் சாதிக் கடமையாகக் கட்டப்பட்டது. அந்தக் கறியைச் சாப்பிட்டதற்காகவே அவர்கள் இழிவுபடுத்தப்பட்டார்கள். அம்பேத்கர் 1948-ல் வந்த 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் தீண்டாமையின் வேரையே இந்தச் செத்த மாட்டுக்கறியில்தான் தேடுகிறார். அதாவது இறைச்சியின் மதிப்பு, அதை யார் சாப்பிடுகிறார் என்பதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மாடு கிராமத்தில் இருந்தது, குதிரை அங்கே இல்லை. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உயிருள்ள குதிரை அரசனின் லாயத்தில் நின்றது, கிராம எல்லையில் நின்றது மண்குதிரை. ஊரில் அன்றாடம் கண்ணில் படாத பிராணிக்குச் சமையல் பக்குவம் எங்கிருந்து வரும்? கஜகஸ்தானில் கதை வேறு. அங்கே போட்டாய் என்ற இடத்தில் சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன்பே குதிரைகளை மந்தையாகச் சாப்பிட்டதற்கு எலும்புக் குவியல் இருக்கிறது. புல்வெளியில் பனியைக் குளம்பால் கிளறி மேயத் தெரிந்த பிராணி அது. நம் வைக்கோலுக்கு அசைபோடும் நான்கு அறை வயிறு வேண்டும், மாட்டுக்கு அது இருக்கிறது. குதிரை நாரைப் பின்குடலில்தான் நொதிக்க வைக்கிறது, அதனால் அதே உடம்பை வளர்க்க அதிகத் தீனி தேவை. கறிக்காக வளர்த்தால் இங்கே கட்டுப்படியாகாது.

மதுரைக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். நரியைப் பரியாக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பரிகள் இரவில் திரும்ப நரியானபோது லாயத்தில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்துத் தின்றுவிட்டு ஓடின என்கிறது திருவிளையாடல். மதுரையில் குதிரைக்கறி சாப்பிட்டதாக எனக்குத் தெரிந்த ஒரே கூட்டம் அதுதான்.

மதச்சட்டம் என்ன சொல்கிறது? ஒற்றைக் குளம்பு உள்ளவற்றை, விசேஷ அனுமதி இல்லாதவரை, மனு விலக்குகிறார். ஆனால் ரிக் வேதத்தின் முதல் மண்டலம் 162-ஆம் சூக்தம் வேள்விக் குதிரையைச் சமைப்பதை விவரமாகவே பேசுகிறது. வெந்த கறியின் மணத்தை மெச்சிக்கொண்டு பங்குக்குக் காத்திருப்பவர்களும் அதில் வருகிறார்கள். பிற்காலத்தில் அசுவமேதம் கலியுகத்தில் கூடாத சடங்குகளின் பட்டியலுக்குப் போய்விட்டது. ஆக, "நம் பண்பாட்டில் எக்காலத்திலும் கிடையாது" என்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

இஸ்லாத்தில் விஷயம் இன்னும் சுவாரசியம். கழுதைக்கறி தடுக்கப்பட்டு குதிரைக்கறி அனுமதிக்கப்பட்டதாகக் கைபர் போர்க்காலத்து ஹதீஸ் ஒன்று உண்டு. ஷாஃபி மத்ஹபில் குதிரைக்கறி ஆகுமானது. இமாம் அபூஹனீஃபா அதை வெறுக்கத்தக்கது என்றார், அவருடைய மாணவர்கள் இருவரோ அனுமதித்தார்கள். தமிழ்நாட்டில் காயல்பட்டினம், கீழக்கரை பக்கத்து மரைக்காயர்கள் ஷாஃபி, உள்நாட்டு ராவுத்தர்கள் ஹனஃபி. ராவுத்தர் என்றால் குதிரைவீரர். குதிரை இறங்கிய கடற்கரையில் சட்டப்படி தடையில்லை, குதிரை ஏறிய உள்நாட்டில் தயக்கம். நடைமுறையில் இரண்டு தரப்பும் பிரியாணிக்கு ஆட்டைத்தான் தேடுகிறார்கள். அனுமதி இருந்தால் மட்டும் உணவு ஆகிவிடாது.

இந்த வாக்கியத்துக்கு இந்திய வரலாற்றில் ஒரு பயங்கரமான சாட்சி இருக்கிறது. அது கூட் முற்றுகை.

முதல் உலகப்போரில், இன்றைய ஈராக்கின் கூட்-அல்-அமாரா என்ற ஊரில் ஜெனரல் டவுன்ஷெண்டின் ஆறாவது பூனா டிவிஷனைத் துருக்கிப் படை வளைத்துக்கொண்டது. 1915 டிசம்பர் 7-ல் தொடங்கிய முற்றுகை 1916 ஏப்ரல் 29-ல் சரணடைவில் முடிந்தது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பஞ்சாபிகள், மராட்டியர்கள், ராஜபுத்திரர்கள், கூர்க்காக்கள். உணவு குறையக் குறைய, பீரங்கி இழுத்த குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் வெட்ட ஆரம்பித்தார்கள். பிரிட்டிஷ் சிப்பாய்கள் முனகிக்கொண்டே சாப்பிட்டார்கள். இந்தியர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள் இரு தரப்பிலும் மிகப் பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள்.

டவுன்ஷெண்ட் வயர்லெஸ் மூலம் கேட்டு, இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களின் அனுமதியை வாங்கினார். போர்க்காலத்தில் சாப்பிடலாம், பாவம் இல்லை என்று பதில் வந்தது. அப்படியும் சாப்பிடவில்லை. யோசித்தால் புரியும். பாவம் இல்லை என்று டில்லியில் இருப்பவர் சொல்லிவிடலாம். ஆனால் சண்டை முடிந்து ஊருக்குப் போகும்போது வாசலில் நின்று கேள்வி கேட்கப்போவது அவர் இல்லையே, சொந்தக்காரனும் பக்கத்து வீட்டுக்காரனும்தான். எல்லோரும் சாப்பிட்டால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க முடியாது. நான் மட்டும் முதலில் சாப்பிட்டால்?

இதன் விலை உடம்பில் தெரிந்தது. அங்கே மருத்துவப் பொறுப்பில் இருந்த பாட்ரிக் ஹேஹிர் பின்னாளில் எழுதிவைத்ததை ஊட்டச்சத்து வரலாற்றில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். பிரிட்டிஷாருக்கு வெள்ளை மாவு ரொட்டி, அதனால் பெரிபெரி வந்தது. ஆனால் புதுக் குதிரைக்கறியில் இருந்த சொற்ப வைட்டமின் சி அவர்களை ஸ்கர்வியிலிருந்து காத்தது. இந்தியர்களுக்கு ஆட்டா மாவு, பருப்பு. அதனால் பெரிபெரி வரவில்லை. கறியும் காய்கறியும் இல்லாததால் ஸ்கர்வி வந்து ஈறு வீங்கிப் படுக்கையில் விழுந்தார்கள். வைட்டமின் என்ற சொல்லுக்கே அப்போது நான்கு வயதுதான். ஒரே ஊர், ஒரே முற்றுகை, தட்டில் இருந்தது மட்டும் வேறு. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வேண்டுமென்று நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

ஏப்ரலில் மாவு ரேஷன் ஆளுக்கு நாளொன்றுக்கு 150 கிராமுக்கும் கீழே இறங்கியது. அப்போது டவுன்ஷெண்ட் ஒரு உத்தரவு போட்டார்: கறி சாப்பிட மறுத்துப் பலவீனமாகும் இந்திய அதிகாரிகளின் இடத்துக்கு, சாப்பிடுகிறவர்கள் பதவி உயர்த்தப்படுவார்கள். அதற்குப் பிறகுதான் பெருவாரியானவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். என் வாசிப்பில், உத்தரவு செய்த உதவி மிரட்டல் இல்லை, அது ஒரு சாக்கு. "சாமி சொன்னாரு" என்று ஊரில் சொன்னால் எடுபடாது. "மேலதிகாரி கட்டாயப்படுத்தினார், எல்லாரும்தான் சாப்பிட்டோம்" என்றால் எடுபடும். ஆனால் காலம் கடந்துவிட்டது, இரண்டே வாரத்தில் சரணடைவு.

ஒருமுறை ஆன்சைட் வேலையாக ஜப்பான் போயிருந்தபோது கியூஷு தீவில் கூமமோட்டோவில் விருந்து வைத்தார்கள். அந்த ஊரின் பெருமையே 'பஸாஷி' என்ற பச்சைக் குதிரைக்கறி. மெல்லிய சிவப்புத் துண்டுகள், பக்கத்தில் இஞ்சியும் பூண்டும். என்னோடு இன்னொரு மதுரைக்காரரும் இருந்தார். எனக்கு அழகர் நினைவுக்கு வரவில்லை, மனுவும் வரவில்லை. இவர் ஊரில் போய்ச் சொல்லுவாரே என்பதுதான் வந்தது. இருவரும் வேண்டாம் என்று சொல்லி முட்டைக்கு நகர்ந்தோம். கூட் பற்றிப் படித்தபோது அந்த மேஜைதான் ஞாபகம் வந்தது, அளவில் ஒப்பிடவே முடியாது என்றாலும்.

ஐரோப்பாவும் இதில் நம்மைப் போலத்தான். 732 வாக்கில் போப் மூன்றாம் கிரகரி, ஜெர்மானியர்களிடையே பணியாற்றிய போனிஃபாஸுக்கு எழுதிய கடிதத்தில் குதிரைக்கறியை அருவருப்பானது என்று தடுத்தார். பழைய தெய்வ வழிபாட்டில் குதிரை பலி இருந்ததுதான் உறுத்தல். 1000-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவத்துக்கு மாறிய ஐஸ்லாந்து, முதலில் குதிரைக்கறிக்கு விலக்கு வாங்கிக்கொண்டுதான் மாறியது. பாரிஸில் 1866-ல் சட்டப்படி குதிரைக்கறிக் கடை திறந்தது. 1870-71 முற்றுகையில் அந்த நகரம் பல்லாயிரம் குதிரைகளைத் தின்று தீர்த்தது. முற்றுகைக்குப் பிறகும் கடைகள் மூடவில்லை. ஆங்கிலக் கால்வாய்க்கு இந்தப் பக்கம் உணவு, அந்தப் பக்கம் அவமானம். 2013-ல் மாட்டுக்கறி பர்கரிலும் லசான்யாவிலும் குதிரை டிஎன்ஏ கிடைத்தபோது பிரிட்டன் கொதித்ததற்குக் காரணம் ஏமாற்று மட்டும் இல்லை.

நம்மிடமும் அந்தக் கொதிப்பு உண்டு. 2018 நவம்பரில் சென்னை எழும்பூர் ரயில் நிலையத்தில் ஜோத்பூரிலிருந்து வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சியை நாய்க்கறி என்று டிவி முழுக்க ஓட்டினார்கள். வால் நீளமாக இருந்ததாம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பரிசோதித்து ஆட்டுக்கறிதான் என்று சொல்வதற்குள் பல ஓட்டல்களில் வியாபாரம் படுத்துவிட்டது. ராஜஸ்தான் ஆட்டுக்கு வால் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் விஷயம்.

சட்டத்தைப் பார்ப்போம். 2011 உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இறைச்சிக்கான "விலங்கு" என்பதற்குத் தந்த பட்டியலில் செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாட்டினம், கூடவே கோழியினமும் மீனும்தான் இருந்தன. குதிரையும் கழுதையும் அதில் இல்லை. இருந்தும் ஆந்திராவில் மேற்கு கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் கழுதைக்கறி சில ஆண்டுகளாக விற்கிறது. முதுகுவலி போகும், மூச்சிரைப்பு போகும், ஆண்மை பெருகும், ரத்தம் குடித்தால் வேகமாக ஓடலாம் என்று நம்பிக்கை. கவனியுங்கள், உணவாக உள்ளே வர முடியாதது மருந்தாக வந்துவிட்டது. நம் ஊரில் கைக்குழந்தைக்குக் கழுதைப்பால் புகட்டுகிறவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. "என்னைப் பார் யோகம் வரும்" என்று கழுதைப் படத்தைக் கடையில் மாட்டியதும் நாம்தான்.

கழுதைக்கு யோகம் வரவில்லை. 2012 கால்நடைக் கணக்கெடுப்புக்கும் 2019 கணக்கெடுப்புக்கும் நடுவில் நாட்டில் கழுதைகள் 61 சதவீதம் குறைந்து 1.2 லட்சமாகிவிட்டன. யாருமே சாப்பிடாத குதிரையும் அதே ஏழு ஆண்டில் 45 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, மிச்சம் சுமார் 3.4 லட்சம். மட்டக்குதிரைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. முதலாவதில் கசாப்புக்கும் பங்கு இருக்கிறது. இரண்டாவதில் ஆட்டோவும் டிராக்டரும்தான் வேலையை முடித்தன.