ஏர்க்களமும் போர்க்களமும்: காவிரி நாட்டுப் போர்ப்பாடல்கள் நிலைத்தமை பற்றி

தஞ்சைப் பகுதி உழவரிடம் களம் என்றால் அவர் நினைப்பது நெற்களம்; போர் என்றால் வைக்கோற்போர். புறத்திணை பயின்றவரிடம் அவ்விரு சொற்களையும் கூறின் அவர் நினைப்பது வேறு. இவ்விருபொருண்மை தற்செயலாக நேர்ந்த ஒலியொப்புமை என்று விட்டுவிடத் தக்கதன்று. காவிரி நாட்டுப் போர்ப்பாடல்கள் பல நூற்றாண்டுகள் கடந்தும் படிப்போர் உள்ளத்தைப் பற்றி நிற்பதற்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடை பெரும்பாலும் இவ்விரு சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றது என யாம் கருதுகின்றோம். வீரவுணர்ச்சியே காரணம் என்பார் பலர். அது முழு விடையாகாது. வென்ற மன்னரைப் புகழ்ந்த பாக்கள் எத்தனையோ பாடப்பெற்றிருக்கும். அவற்றுள் நிலைத்தவை ஏன் நிலைத்தன என்பதே கேள்வி.

தொல்காப்பியர் வாகைத்திணையுள் களவழியைக் கூறுமிடத்து ஏரோர் களவழி, தேரோர் களவழி என இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். உழவன் தன் களத்தில் விளைவு கண்டு மகிழ்தலும், மறவன் தன் களத்தில் வென்றி கண்டு மகிழ்தலும் அவருக்கு ஒரே வகைச் செயல்கள். நச்சினார்க்கினியர் பொருநரை ஏர்க்களம் பாடுவோர், போர்க்களம் பாடுவோர், பரணி பாடுவோர் எனப் பகுத்துக் காட்டுவர். களந்தோறும் சென்று பாடிப் பரிசில் பெற்ற பாணரும் பொருநரும் இரண்டு களங்களையும் அறிந்தவர்கள். நெற்களத்தில் கண்டதைப் போர்க்களத்தில் வைத்துப் பாடுவது அவர்களுக்குக் கற்பனை முயற்சியன்று, பழக்கம்.

புறநானூற்றின் 369ஆம் பாடலில் பரணர் இப்பழக்கத்தை முழு உருவகமாக விரித்துள்ளார். யானைகள் மேகம், வாள் மின்னல், முரசு இடி, அம்பு மழை. குருதியால் நனைந்த நிலம் ஈரப் புழுதியாகின்றது; தேர் அதனை உழுகின்றது; வேல் விதையாகின்றது. சாய்ந்த தலைகளே பயிர். குவிந்த பிணங்களே போர்பு. நரியும் பேயும் களம் படுக்கப் பூதங்கள் பொலியைக் காவல் காக்கின்றன. அத்துறையிலமைந்த பிறிதொரு பாட்டில் களிறுகள் எருதுகளாகவும் வாள் அவற்றை ஓட்டும் பனைமடலாகவும் ஆகி அதரி திரித்தல் நிகழ்கின்றது. மாடுகளைப் பிணைத்துச் சூட்டின்மேல் சுற்றிவரச் செய்து நெல்லை உதிர்த்தலே அதரி திரித்தல். பிணையலடித்தல் என்பதும் அதுவே. கேட்டோர் ஒவ்வொருவரும் அக்காட்சியைத் தம் ஊரில் ஆண்டுதோறும் கண்டவர். காணாத போர் அவர்களுக்குக் கண்ட களத்தின் வழியே புலனாயிற்று.

இம்முறையை ஒரு நூல் முழுதும் பரப்பியது பொய்கையாரின் களவழி நாற்பது. பதினெண்கீழ்க்கணக்கினுள் புறப்பொருள் பற்றியது இஃதொன்றே. சோழன் செங்கணான் கழுமலத்துச் சேரமான் கணைக்காலிரும்பொறையை வென்ற களமே பாடுபொருள். கழுமலம் சீகாழியின் பழம்பெயர்களுள் ஒன்று. எனினும் இப்போர் நிகழ்ந்த கழுமலம் கொங்குநாட்டுப் பக்கத்ததென்பாரும் உளர். நமக்கு வேண்டுவது போர் நிகழ்ந்த இடமன்று. பாடியவர் கண் பழகிய இடம். அது ஐயமின்றிப் புனல்நாடு.

முதல் வெண்பாவையே நோக்குக. வீழ்ந்தோர் குருதியைக் களிறுகள் உழக்க, முற்பகலெல்லாம் குழம்பாய்க் கிடந்த நிலம் பிற்பகலில் பவளத்துகள்போற் புழுதியாய் எழுகின்றது. நடவுக்குச் சேறு கலக்கிய வயல் நீர் வற்றியபின் என்னவாகும் என்று அறிந்தவரன்றி இதனைக் கூறல் அரிது. ஒரே நாளின் இரு பொழுதுகளில் மண் அடையும் மாற்றத்தைக் கொண்டு, காலையில் தொடங்கிய போர் மாலையில் ஓய்ந்தமையையும் உடன் உணர்த்திவிடுகின்றார். அடுத்த வெண்பாவில், வீழ்ந்த யானையின் கீழகப்பட்ட முரசினூடே குருதி பாய்ந்து வெளிவருவது, கார்மழைக்குப் பின் செம்மண் குளக்கரையின்கீழுள்ள தூம்பு நீருமிழ்வது போலும் என்கின்றார். குதிரைகள் உதைத்துத் தலைகீழாய்க் கிடக்கும் பகைவர் குடைகள், மாடு உதைத்த காளாம்பிகளாகத் தோன்றுகின்றன. இவ்வுவமை தமக்கே வியப்பளித்ததுபோலும், அதன் பொருத்தத்தைப் பொய்கையார் தாமே வாய்விட்டுக் கூறி மகிழ்கின்றார்! நாற்பதாம் வெண்பாவில் களிறுகளெல்லாம் கொம்பு நிலத்தில் ஊன்ற வீழ்ந்து, வெள்ளிக் கலப்பையால் உலகை உழுவன போலக் கிடக்கின்றன. சேற்றில் தொடங்கிய பாட்டு கலப்பையோடு நிற்கின்றது.

இவ்வுவமைகள் கொலையை அழகு செய்கின்றன எனின் அதனை யாம் முற்றும் மறுக்கமாட்டோம். நூலின் பெரும்பகுதி அவ்வாறே உள்ளது. ஆயினும் ஒரு வெண்பாவில், சோலையில் கடுங்காற்று வீசச் சிதறியோடும் மயில்களைப்போலக் கேளிரை இழந்தவர்கள் நாற்றிசையும் அலறி ஓடுகின்றனர். அவ்வொரு பாட்டைக் கண்டபின் ஏனைய பாட்டுகளை முன்போற் படிக்க இயலவில்லை. தூம்பும் குளக்கரையும் காளாம்பியும் வெறும் அணிகளாக நில்லாமல், அன்று வேலை நடவாத வயல்களாக மாறிவிடுகின்றன.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஹோமரின் இலியத்து 20ஆம் காண்டத்து இறுதியில் அக்கிலீசின் குதிரைகள் பிணங்களை மிதிப்பதற்கு, களத்தில் பார்லியை மிதிக்கும் எருதுகள் உவமையாகின்றன. 11ஆம் காண்டத்தில் இரு படைகளும் எதிரெதிரே கதிரறுத்துவரும் கூலியாட்களாகக் காட்டப்பெறுகின்றன. கிரேக்க வீரயுகப் பாடலையும் தமிழ்ச் சான்றோர் பாடலையும் ஒப்பிட்டுக் கைலாசபதி எழுதிய நூல் 1968இல் ஆக்சுபோர்டில் வெளிவந்தபின் இவ்வொப்பாய்வு நன்கு அறியப்பட்டதே. யாம் சுட்ட விரும்புவது வேறொன்று. இலியத்து வெற்றியோடு முடிவதில்லை; பகைவனாகிய எக்தரின் ஈமச்சடங்கோடு முடிகின்றது. தோற்றவனுக்கு இடமளித்த பாட்டே நிலைக்கின்றது என்று கருத அது இடந்தருகின்றது. அக்கருத்துக்குக் காவிரி நாட்டில் அதனினும் தெளிவான சான்று உண்டு.

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் செல்லும் வழியில் உள்ளது கோயில்வெண்ணி. சம்பந்தரும் அப்பரும் பாடிய திருவெண்ணி இதுவே. இறைவன் பெயர் வெண்ணிக்கரும்பர். சங்ககாலத்துக் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வேளிரையும் வென்ற வெண்ணிப்பறந்தலை இவ்வூர்ப் புறமே எனக் கொள்வர். அப்போரில் சேரமான் பெருஞ்சேரலாதன் மார்பிற் பாய்ந்து முதுகில் வெளிப்பட்ட புண்ணை நாணி, வாளொடு வடக்கிருந்தான். அச்செய்தி கேட்ட சான்றோர் அவனோடு உயிர்விட்டனர் என்று அகநானூற்று 55ஆம் பாடலில் மாமூலனார் குறிப்பர்.

இந்நிகழ்ச்சி பற்றிக் கழாத்தலையார் பாடிய கையறுநிலை புறநானூற்றின் 65ஆம் பாடல். அதன் முற்பகுதி மறத்தல் என்னும் வினையை அடுக்கிச் செல்கின்றது: முழவு மார்ச்சனையை மறக்கின்றது, யாழ் பண்ணை மறக்கின்றது, கவிழ்ந்த பானை நெய்யை மறக்கின்றது, சுற்றம் தேறலை மறக்கின்றது, உழவர் தம் ஆரவாரத்தை மறக்கின்றனர், சீறூர் விழவை மறக்கின்றது. இவ்வரிசையில் உழவரோதை இடம்பெற்றமை கூர்ந்து நோக்கத்தக்கது. களவழிப் பாடல்களில் போர்க்களம் வயலாகின்றது. ஏர் ஓடுகின்றது, அதரி திரிகின்றது, ஆரவாரம் மிகுகின்றது. கையறுநிலையில் உண்மையான வயல் ஓய்ந்து கிடக்கின்றது. முன்னது உழவிலிருந்து சொற்களைக் கடன் வாங்கிற்று. பின்னது அக்கடனுக்கு உழவு கொடுத்த விலையைக் காட்டிற்று. இரண்டையும் ஒரே தொகை காத்துவைத்திருப்பதே புறநானூற்றின் பெருமை. ஒன்று மட்டும் கிடைத்திருப்பின் நம் பண்டையோரைப் பற்றி எத்துணைத் தவறான முடிவுக்கு வந்திருப்போம்!

அடுத்த பாடல் வெண்ணிக்குயத்தியார் பாடியது. பெயர் கொண்டு அவர் அவ்வூர்க் குயக்குலத்துப் பெண்பாற் புலவர் என்பர். கரிகாலனை முன்னிலைப்படுத்தி, காற்றைத் தொழில்கொண்டு கலம் செலுத்தியவன் வழித்தோன்றல் என்று தொடங்குகின்றார். வென்றவன் நீயே என்கின்றார். பின்னர், புறப்புண் நாணி வடக்கிருந்து பெரும்புகழ் எய்திய அவன் நின்னினும் நல்லனல்லனோ என்று வினவுகின்றார். திணை வகுத்தோர் இதனை வாகை என்றும், துறை அரசவாகை என்றும் குறித்தனர். வென்ற வேந்தன் முகத்துக்கு நேரே தோற்றவனை உயர்த்திய பாட்டு வெற்றிப் பாட்டாகவே எண்ணப்பட்டமை வியப்பன்றோ? அது பாடியவரின் துணிவை மட்டுமன்று, கேட்டவனின் தகுதியையும் காட்டுகின்றது. அவர் ஊரும் வேந்தரூர் அன்று. போர் நிகழ்ந்த ஊர். படைகள் மீண்டபின்னும் அங்கிருந்தவர்கள் பார்வையில் எழுந்த பாட்டாக இதனைக் கொள்ளின் அவ்வினாவின் ஆற்றல் இன்னும் மிகும்.

இனிக் குடவாயிற்கு வருவோம். இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலே அது. சோழர் தம் பெருநிதியைக் காத்துவைத்த ஊர் என அகநானூற்று 60ஆம் பாடல் கூறும். புறம் 74இன் அடிக்குறிப்பின்படி, செங்கணானிடம் பிடிபட்ட கணைக்காலிரும்பொறை குடவாயிற்கோட்டத்துச் சிறையிற் கிடந்து தண்ணீர் வேண்டினான். அது காலந்தாழ்த்து வந்தது. பெற்றும் பருகாது, அப்பாடலைச் சொல்லி உயிர்நீத்தான். பிறந்திறந்த குழவியையும் வாளால் போழ்ந்து அடக்கம் செய்யும் மறக்குடியில் வந்தவன், நாய்போற் பிணிப்புண்டு, பகைவரிடம் நீர் இரந்துண்பதா என்பதே அதன் பொருள். பிற்காலத்தாரோ வேறு கதை கூறினர். பொய்கையார் களவழி பாட, செங்கணான் மகிழ்ந்து சேரனின் காற்றளையை நீக்கினான் என்று கலிங்கத்துப்பரணியும் மூவருலாவும் பேசுகின்றன. இரண்டும் ஒருங்கே உண்மையாதல் அரிது. விடுதலை ஆணை வருமுன் இறந்தான் என இரண்டையும் இணைப்பார் உளர். களவழியின் நடையும் யாப்பும் தொகைநூல்களுக்குப் பிற்பட்டவை என்பதை எண்ணின், விடுதலைக் கதையை வரலாறாகக் கொள்ள யாம் ஒருப்படோம்.

ஆயினும் அக்கதை பயனற்றதன்று. 12ஆம் நூற்றாண்டுச் சோழர் அவையில் ஒரு போர்ப்பாட்டுக்கு ஒரு மன்னனின் உயிர் விலையாக மதிக்கப்பெற்றது என்பதற்கு அது சான்று. (தம் தொழிலுக்குப் புலவர் தாமே கூறிய விலை என்று நகைப்பாரும் நகைக்கலாம்.) அதனினும் சிறப்பு, அவ்விலை தோற்றவனுக்காகக் கேட்கப்பட்டமை. வென்றவன் களத்தைப் பாடித் தோற்றவனை மீட்டார் என்று பின்னோர் நம்ப விரும்பினர். வெண்ணிக்குயத்தியார் வினாவும் இக்கதையும் ஒரு மரபின் இரு கிளைகளே.

பரணியைப் பற்றி விரிப்பின் பெருகும். ஒன்று மட்டும் கூறுவோம். சயங்கொண்டார் தீபங்குடியினர் என்பது வழக்கு. அவ்வூரும் குடவாசற் பகுதியதே. முதற்குலோத்துங்கன் காலத்துக் கருணாகரத் தொண்டைமான் வென்ற கலிங்கப் போரைப் பாடுங்கால், அவர் ஏர்க்களத்தினின்று அடுக்களைக்குச் சென்றுவிடுகின்றார். முரசு உரலாகின்றது, யானைக்கொம்பு உலக்கையாகின்றது, பற்கள் அரிசியாகின்றன, கேடகம் முறமாகின்றது. தலைகளை அடுப்பாக்கிப் பேய் சமைப்பது மாங்குடி கிழாரின் புறம் 26லேயே உள்ள கருத்துத்தான். ஆனால் பேய்களின் நெடும்பசியை முன்னர் விரித்து, பின்னர்க் கூழடுதலை வைத்த முறை சயங்கொண்டாருடையது. அந்நகைச்சுவையின் அடியில் பஞ்சம் கண்ட நாட்டின் நினைவு உறைந்திருக்கின்றதென்பது எம் துணிபு. அவ்வாரவாரத்தின் நடுவிலும், விண்ணுலக மகளிர் தன் கணவன் உயிரைச் சேருமுன் தானும் உடனிறக்கும் ஒருத்தியைக் காட்ட அவர் மறந்தாரல்லர். பரணி வென்றவன் பெயராலன்றித் தோற்றவர் பெயராலேயே வழங்கும் மரபும் இங்கு நினைக்கத்தக்கது.

இப்பாடல்களைக் கற்பிப்போர்க்கு இன்று ஒரு புதிய இடர் தோன்றியுள்ளது. காவிரிப் பாசனப் பகுதியில் அறுவடையை இயந்திரங்கள் மேற்கொண்டுவிட்டன. கதிரறுத்தலும் நெல்லுதிர்த்தலும் வயலுக்குள்ளேயே ஒருங்கு முடிகின்றன. பொலி களத்துமேட்டிற் குவிவதற்கு மாறாகக் கொள்முதல் நிலைய வாயிலில் தார்ப்பாயின்கீழ்க் குவிந்து கிடக்கின்றது. உழவர் வீட்டு மாணவரிடமே அதரி, போர்பு, பிணையல் என்னும் சொற்களுக்கு உரை கூறவேண்டியுள்ளது. கேட்போர் கண்முன் தாமாகவே விரிந்த காட்சி இனி உரையாசிரியர் துணையோடுதான் விரியும். களவழியின் ஆற்றலில் ஒரு பகுதி இதனாற் குறையும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஆகவே வெண்ணி, தலையாலங்கானம், குடவாயில் ஆகிய ஊர்ப்புறங்களில் முதியோர் நாவில் இன்னும் வழங்கும் களத்துச் சொற்களைத் தொகுத்து, மறக்களவழித் துறைப் பாடல்களோடு வைத்து ஆராய்தல் உடனே செய்தற்குரிய பணி. 65ஆம் பாடலைப் பாடஞ்சொல்லும்போது வேறொன்று நிகழ்கின்றது. உழவர் ஓதை மறந்தனர் என்னும் இடத்துக்கு வந்ததும், மேட்டூரில் நீர் திறக்காத ஆண்டுகளைப் பற்றி மாணவர்கள் தாமே பேசத் தொடங்கிவிடுகின்றனர்.