வாழைநாரில் நெய்த வஸ்திரம்

பல்லாவரத்திலிருந்து குன்றத்தூர் முருகனைத் தரிசிக்கச் செல்லும் சாலையில், பம்மலைக் கடந்ததும் வருவது அனகாபுத்தூர். ஒருபுறம் அடையாறு ஓடுகிறது. சற்றுத் தொலைவில், நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் பெருமாள் சேவை சாதிக்கும் திருநீர்மலை. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இவ்வூரும் திருநீர்மலையும் சேர்ந்துவிட்டன. விசேஷ நாள்களில் இச்சாலையைக் கடக்கும் பக்தர்களில் பலர், இது நெசவாளர்களின் ஊர் என்பதை அறியமாட்டார்கள்.

ஒருகாலத்தில் இங்கு வீட்டுக்கு வீடு தறி ஓசை கேட்டது. ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்று உலகம் அழைத்த கட்டம் போட்ட பருத்தித் துணி இங்கிருந்து கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. நைஜீரியாவின் கலாபரி இன மக்களுக்கு அத்துணி வெறும் உடையன்று. பிறப்பிலும் இறப்பிலும் சடங்குகளுக்கு வேண்டிய புனிதப் பொருள். எங்கோ ஒரு குழந்தை பிறந்ததற்கும் ஒரு முதியவர் மறைந்ததற்கும் அடையாற்றங்கரையில் துணி நெய்யப்பட்டது என்பது வியப்பான தொடர்புதான். 1970-களில் அந்நாடு துணி இறக்குமதிக்குத் தடை விதித்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேறு தொழில் தேடிச் சென்றவர்கள் பலர்.

ஊரிலேயே தங்கியவர்களுள் ஒருவர் நெசவாளர் சி. சேகர். அவரும் அனகாபுத்தூர் சணல் நெசவாளர் சங்கத்தினரும் புதிய வழியாகக் கண்டெடுத்தது, நாம் பூத்தொடுக்கப் பயன்படுத்தும் அதே வாழைநாரை!

வாழை ஒரே ஒருமுறை குலை தள்ளும். குலையை வெட்டியபின் மரத்துக்கு வேலையில்லை. அதன் பக்கக்கன்றுதான் அடுத்த தலைமுறை. வெட்டுண்ட மரம் பெரும்பாலும் வயலோரத்தில் அழுகும். அதன் மட்டைகளைப் பிரித்து, நீளவாக்கில் கீறி, சதையைச் சுரண்டி எடுத்தால் மினுமினுக்கும் நார் கிடைக்கும். அதைக் கழுவிக் காயவைத்துச் சீவி, மயிரிழையளவு பிரிக்கிறார்கள். மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் நாரின் நீளம். ஆகவே, ஓர் இழையின் நுனியை அடுத்த இழையின் நுனியோடு முடிச்சிட்டுக்கொண்டே போகவேண்டும். முடிச்சு பெரிதானால் தறியில் சிக்கும், தளர்ந்தால் அவிழும். ஒரு சேலைக்கு இப்படி எத்தனை முடிச்சுகள் என்று எண்ணிப் பார்த்தால் தலைசுற்றும். பெரும்பாலும் பெண்களின் விரல்களே இந்த வேலையைச் செய்கின்றன. நார் அதிகம் உலர்ந்தால் ஒடிந்துவிடும் என்பதால் ஈரப்பதம் காப்பதும் அவசியம். பருத்தியோ பட்டோ பாவாக இருக்க, வாழைநார் ஊடையாகச் செல்கிறது. பட்டின் பளபளப்பு இதிலும் உண்டு. ஆனால், பருத்திப் பாவில் நெய்தால் பட்டுப்புழு எதுவும் கொதிநீரில் மாள வேண்டியதில்லை.

வாழையோடு அவர்கள் நிற்கவில்லை. சணல், கற்றாழை, அன்னாசி, மூங்கில் என்று ஒவ்வொன்றாக முயன்று, 25 வகை இயற்கை நார்களைக் கொண்டு ஒரே சேலையை சேகர் நெய்தார். அது ‘லிம்கா’ சாதனை நூலில் இடம்பெற்றது. மஞ்சள் முதலிய தாவரங்களிலிருந்து எடுத்த சாயம் தோய்த்த சேலைகளும் இவ்வூரில் நெய்யப்படுகின்றன.

நாரில் ஆடை நெய்வது நம் மரபுக்குப் புதிதன்று. திருமாலின் உந்திக் கமலத் தண்டிலிருந்து இழை பெற்று, தேவர்களுக்கு ஆடை நெய்தளித்தார் தேவல முனிவர் என்பது தேவாங்க குலத்தாரின் புராணம். கானகம் புகுந்த ஸ்ரீராமன் தரித்ததோ மரவுரி. அறுபத்துமூவரில் நெசவுத் தொழில் செய்தவர் நேச நாயனார். மனம் ஈசன் திருவடியிலும், வாய் ஐந்தெழுத்திலும், கை தறியிலுமாக வாழ்ந்து, தாம் நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் சிவனடியார்க்கு வழங்கியவர்.

அத்தகைய மரபில் வந்த நாம் இன்று சந்நிதியில் சமர்ப்பிக்கும் வஸ்திரங்களில் எத்தனை, பாலியெஸ்டர் கலந்தவை! கடையில் ‘சுவாமி வஸ்திரம்’ என்று கேட்டால், மலிவானதைத்தான் முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். தீபமும் கற்பூரமும் எரியும் இடத்தில் அத்துணி பற்றினால் உருகி ஒட்டும். பாபநாசத்தில் பரிகாரம் என்ற பெயரில் தாமிரபரணியில் விடப்படும் துணிகள் குவியல் குவியலாகச் சேர்வதையும், அவற்றை அகற்றச் சிலர் பாடுபடுவதையும் பலர் அறிவர். மட்காத துணியை ஆற்றில் எறியும்படி எந்தச் சாஸ்திரம் சொல்லிற்று?

பூமாலையிலும் இதே கதைதான். வாழைநாரில் தொடுத்த மாலை, நிர்மால்யமாகக் களைந்தபின் நாரோடு சேர்ந்து உரமாகும். நைலான் நூலில் கட்டியதிலோ, ஒவ்வொரு நூலையும் பிரித்தெடுத்தால்தான் உரக்குழியில் இடமுடியும். தமிழக அரசு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. இலையும் தொன்னையும் மஞ்சப்பையும் அதனால் ஓரளவு மீண்டன. பூக்காரரிடம் “நாரில் கட்டிய சரம் இருக்கிறதா?” என்று கேட்பதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை. நாலு பேர் கேட்டால் ஐந்தாம் நாள் அவரே நார் வாங்கிவைப்பார்.

வீட்டிலும் செய்யலாம். திருமணத்துக்கோ ஆயுத பூஜைக்கோ வாசலில் கட்டிய வாழைமரத்தைக் குப்பைவண்டியில் ஏற்றுமுன், வெளிமட்டைகளை உரித்து நிழலில் உலர்த்திக் கட்டிவைத்தால் மாதக்கணக்கில் வரும். வேண்டும்போது கிழித்து, சிறிது நேரம் நீரில் நனைத்தால் பூத்தொடுக்க இதமாக வளையும். உள்ளிருக்கும் தண்டு சமையலுக்கு ஆகும். பாட்டிமார் இருக்கும் வீடுகளில் இது யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தி அல்ல.

அனகாபுத்தூரின் கவலை வேறு. நாருக்குப் பஞ்சமில்லை, முடிச்சிடும் விரல்களுக்குத்தான் பஞ்சம். இளைய தலைமுறை மாதச் சம்பளம் தேடிப் போகிறது. தறியில் அமர்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். விசைத்தறித் துணியின் விலைக்கு நார்ச்சேலை ஒருநாளும் வராது, அத்தனை கைவேலை அதில் இருக்கிறது. ஆடிப்பூரத்துக்கு அம்மனுக்கும், கும்பாபிஷேகத்துக்குப் பரிவார மூர்த்திகளுக்கும் வஸ்திரம் எடுக்கும் உபயதாரர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். குரோம்பேட்டையிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் அரைமணி நேரப் பயணத்தில் அந்தத் தறிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.