வீட்டிலேயே ஸ்டிக்கரும் லேபிளும் தயாரிக்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் அதனுடன் ஒரு பிரிண்டரையும் வாங்கி விடுகிறார்கள். பிள்ளைகளின் புராஜெக்ட், ரயில் டிக்கெட், சான்றிதழ் நகல் என்று மாதத்திற்கு நாலைந்து பக்கங்கள் அச்சிடுவதோடு பிரிண்டரின் வேலை முடிந்து விடுகிறது. அதே பிரிண்டரைக் கொண்டு நோட்டுப் புத்தக லேபிள், மசாலா டப்பா ஸ்டிக்கர், விற்பனைப் பாக்கெட் லேபிள் என எத்தனையோ செய்யலாம். அவற்றை விரும்பிய வடிவில் வெட்டித் தர வீட்டு உபயோகக் கட்டிங் மெஷின்களும் வந்து விட்டன. இவை எப்படி வேலை செய்கின்றன, யார் வாங்கலாம், யாருக்குத் தேவையில்லை என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

எங்கள் ஊர் தர்மபுரி அருகேயுள்ள அதியமான்கோட்டை. நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். விடுமுறையில் ஊருக்குப் போனால் யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் வேலையோடு காத்திருப்பார். மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் என் சித்தி ஒருமுறை, "கண்ணு, சாமை முறுக்கும் நெல்லிக்காய் ஊறுகாயும் போடறோம். லேபிள் இல்லாம கடையில எடுத்துக்க மாட்டேங்கறாங்க. அச்சகத்துல ஆயிரம் எண்ணிக்கைக்குக் குறைஞ்சு போட மாட்டாங்களாம். நமக்கு வாரம் ஐம்பது பாக்கெட்தான் போகுது" என்றார். அதற்காகச் செய்து பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் தொடங்கியதே எங்கள் மாவட்டத்தில்தான் என்பது பலருக்குத் தெரியாது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989ல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த அன்றைய தர்மபுரி மாவட்டத்தில் இது தொடங்கப்பட்டது. பொருள் தயாரிக்கத் தெரிந்த இத்தகைய குழுக்கள் பல இடங்களில் தடுமாறுவது பாக்கெட்டின் மேல் ஒட்டும் அந்தச் சிறிய காகிதத்தில்தான்.

மெஷின் இல்லாமலேயே லேபிள்

நீள்சதுர லேபிள் போதும் என்றால் கட்டிங் மெஷினே வேண்டாம். ஸ்டேஷனரி கடைகளில் ஏ4 லேபிள் ஷீட் கிடைக்கும். பின்புறம் பசையுடன், லேபிள்கள் ஏற்கனவே வெட்டப்பட்டிருக்கும். உரித்து ஒட்டினால் போதும். இந்தத் தொழில்நுட்பம் புதிதல்ல. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி என்பவர் 1935ல் இத்தகைய லேபிள்களைத் தயாரிக்கத் தொடங்கினார். லேபிள் ஷீட் அளவுகளுக்கு இன்றும் ஏவரி நிறுவனத்தின் எண்களைப் பலர் குறிப்பிடுகிறார்கள்.

ஒரு ஷீட்டில் 24 லேபிள் உள்ள வகையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சுமார் 64 மி.மீ. அகலம், 34 மி.மீ. உயரம். எம்.எஸ். வேர்டில் செய்ய வேண்டியவை:

1. மெயிலிங்ஸ் டேபில் லேபிள்ஸ் என்பதைக் க்ளிக் செய்யுங்கள்.
2. ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி, ஷீட் கவரில் உள்ள எண்ணைப் பட்டியலில் தேர்வு செய்யுங்கள். எண் இல்லையென்றால் நியூ லேபிள் மூலம் அளவுகளை நீங்களே கொடுக்கலாம்.
3. நியூ டாக்குமெண்ட் பட்டனை அழுத்தினால் 24 கட்டங்கள் கொண்ட பக்கம் கிடைக்கும்.
4. முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, லேபிள் ஷீட்டுடன் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கட்டங்கள் பொருந்தினால் மட்டும் லேபிள் ஷீட்டை வையுங்கள்.

பிரிண்ட் டயலாக் பாக்ஸில் 'ஃபிட் டு பேஜ்' என்பது தேர்வாகியிருந்தால் நீக்கி விட்டு, 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம் என வையுங்கள். 97 சதவீதமாகச் சுருங்கினால்கூட எட்டு வரிசை கொண்ட ஷீட்டில் மேலிருந்து கீழே போவதற்குள் சுமார் 8 மி.மீ. விலகி விடும். கடைசி வரிசை லேபிளில் பாதி எழுத்து அடுத்த கட்டத்தில் விழும்.

தயாரிப்புத் தேதியும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறும். இவற்றை எக்ஸெல் ஷீட்டில் டைப் செய்து, வேர்டில் உள்ள மெயில் மெர்ஜ் வசதி மூலம் லேபிளுடன் இணைத்து விட்டால், அடுத்த வாரம் எக்ஸெல்லில் தேதியை மட்டும் மாற்றினால் போதும்.

கட்டிங் மெஷின் எப்போது தேவை?

வட்டம், நெல்லிக்காய் வடிவம், பொம்மை உருவம் என்று ஓரம் வளைந்த ஸ்டிக்கர்கள் வேண்டும் என்றால்தான் இந்த மெஷின் உதவும். பைக் நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டித் தரும் ஸ்டிக்கர் கடைகளில் பெரிய கட்டிங் பிளாட்டரைப் பார்த்திருப்பீர்கள். அதன் சிறிய வடிவமே இது. கிரிகட், சில்லவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்-என்-கட் ஆகியவை பெயர் பெற்றவை. பிரதர் மெஷினில் ஸ்கேனரும் உள்ளேயே இருக்கிறது.

பொதுவாக இந்த மெஷின்கள் வண்ணத்தில் அச்சிடாது என்பதைக் கவனியுங்கள். அச்சிடுவது உங்கள் பிரிண்டர். அச்சிடும்போது சாப்ட்வேர் பக்கத்தின் ஓரங்களில் கறுப்பு அடையாளக் கோடுகளையும் சேர்த்து விடும். தாளை மெஷினில் வைத்ததும் அதிலுள்ள சென்சார் அந்தக் கோடுகளைத் தேடிப் படித்து, தாள் எங்கே இருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று கணக்கிடும். பிறகு பிளேடு படத்தைச் சுற்றி நகரும்.

வெட்டுவதில் இரண்டு வகை உண்டு. மேல் ஸ்டிக்கரை மட்டும் வெட்டி, பின்தாளை விட்டு விடுவது கிஸ் கட். பின்தாளோடு சேர்த்து வெட்டுவது டை கட். எதுவாக இருந்தாலும் தாளின் மூலையில் சிறு டெஸ்ட் கட் செய்து, பிளேடின் அழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே முழு ஷீட்டையும் வெட்டுங்கள்.

மெஷினின் விலை ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. பிளேடு, ஒட்டும் மேட் ஆகியவற்றையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். வாங்கும் முன் சாப்ட்வேரையும் விசாரியுங்கள். கிரிகட்டின் டிசைன் ஸ்பேஸை அக்கவுண்ட் தொடங்கித்தான் பயன்படுத்த முடியும். சந்தா கட்டாதவர்கள் மாதம் 20 டிசைன்களுக்கு மேல் அப்லோடு செய்ய முடியாது என்று 2021 மார்ச்சில் அந்த நிறுவனம் அறிவித்தது. வாடிக்கையாளர்கள் கடுமையாக எதிர்த்ததால் அதே மாதத்தில் அறிவிப்பைக் கைவிட்டது. சில்லவெட் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பில் எஸ்.வி.ஜி. ஃபைலைத் திறக்க முடியாது. அதற்குக் கட்டணப் பதிப்பு வேண்டும். பி.என்.ஜி. படத்தைத் திறந்து, டிரேஸ் செய்து வெட்டலாம்.

தமிழ் எழுத்து உடையாமல் இருக்க

தமிழில் லேபிள் செய்பவர்களுக்கு வரும் முக்கியச் சிக்கல் இது. டி.டி.பி. சென்டர்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் டைப் செய்த ஃபைல், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். எனவே யூனிகோடிலேயே டைப் செய்யுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

யூனிகோடில் இருந்தாலும் சில டிசைன் சாப்ட்வேர்களில் 'கொ' என்ற எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி உடைந்து விடும். இதற்கு இன்க்ஸ்கேப் என்ற இலவச சாப்ட்வேர் கை கொடுக்கும். அதில் டைப் செய்து, எழுத்துக்களைத் தேர்வு செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். எழுத்துக்கள் படமாக மாறி விடும், இனி எந்தக் கம்ப்யூட்டரிலும் உடையாது. ஆனால் படமான பின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. ஆகவே முதலில் ஒரு நகலை சேவ் செய்து கொள்ளுங்கள். பி.என்.ஜி.யாக எக்ஸ்போர்ட் செய்யும்போது 300 டி.பி.ஐ. வையுங்கள். 64 மி.மீ. அகல லேபிளுக்கு இது 756 பிக்ஸல் ஆகும்.

படத்தின் வண்ணத்தை வெட்டுக்கோட்டுக்கு வெளியே 1 அல்லது 2 மி.மீ. நீட்டி விடுங்கள். பிளேடு சற்றே விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியாது.

தாளும் மையும்

* பி.வி.சி. வினைல் ஷீட்டை லேசர் பிரிண்டரில் வைக்கவே கூடாது. உள்ளே மையை உருக்கும் பகுதியின் சூட்டில் ஷீட் உருகி ஒட்டிக்கொண்டு பிரிண்டரே வீணாகி விடும். கவரில் 'லேசர்' என்று குறிப்பிட்டிருக்கும் ஷீட்டை மட்டும் பயன்படுத்துங்கள்.
* சாதாரண இங்க் ஜெட் மை தண்ணீரில் கரையும். ஊறுகாய் பாட்டிலை ஈரக் கையால் எடுத்தால் தேதி அழிந்து போகும். மேலே லேமினேஷன் ஃபிலிம் ஒட்டுவது நல்லது.
* பளபளப்பான லேமினேஷன் அடையாளக் கோடுகளை மூடினால் சென்சாரால் அவற்றைப் படிக்க முடியாமல் போகலாம். மேட் ஃபிலிம் ஒட்டுங்கள், அல்லது கோடுகள் உள்ள இடத்தை விட்டு விட்டு ஒட்டுங்கள்.

லேபிளில் என்ன இருக்க வேண்டும்?

உணவுப் பொருளை விற்பவர்கள் அழகை விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2020ம் ஆண்டின் உணவு லேபிள் ஒழுங்குமுறைகளும், 2011ம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் கேட்பவற்றில் முக்கியமானவை:

* பொருளின் பெயர். சேர்மானப் பொருட்கள், எடை அதிகமானதில் தொடங்கி வரிசையாக
* நிகர எடை. எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை
* தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, பேட்ச் எண்
* தயாரிப்பாளர் பெயர், முழு முகவரி, புகார் தெரிவிப்பதற்கான தொடர்பு விவரம்
* எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க எண்ணும். இதற்கு ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம்.
* சைவப் பொருள் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். பாக்கெட்டின் முகப்பு 100 சதுர செ.மீ. வரை இருந்தால் வட்டம் குறைந்தது 3 மி.மீ. இருக்க வேண்டும்.
* ஒவ்வாமை தரும் பொருட்கள்

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்யாதீர்கள். நிலக்கடலை, பால், கோதுமை, சோயா போன்றவை சேர்ந்திருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும். நிலக்கடலை ஒவ்வாத ஒரு குழந்தைக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும் வரி. மேலும், தமிழில் மட்டும் லேபிள் இருந்தால் போதாது. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாகத் தமிழிலும் தரலாம். வாங்குபவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நாங்கள் இரண்டிலும் போட்டோம்.

என்ன வாங்கலாம்?

விற்பனை லேபிளுக்கு ஒரு பிரிண்டரும் லேபிள் ஷீட்டும் போதும். சித்தியின் குழுவுக்கு நான் சொன்னதும் அதுதான். கட்டிங் மெஷின் வாங்க வைத்திருக்கும் பணத்தில் அவர்கள் நல்ல தராசும் பாக்கெட் சீல் செய்யும் மெஷினும் வாங்கிக்கொள்ளலாம். பிறந்தநாள் ஸ்டிக்கர், தாம்பூலப் பை ஸ்டிக்கர், பரிசுப் பொருட்கள் என்று ஆர்டர் எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு கட்டிங் மெஷின் பயன்படும். அவர்களும் முதலில் ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, பத்து ஆர்டர் முடித்துப் பாருங்கள். கை வலிக்கும் அளவுக்கு ஆர்டர் வந்தால் தயங்காமல் மெஷினை வாங்கலாம்.