வானவியல் ஒலிம்பியாடும் சிவகாசிப் பிள்ளைகளும்

"சிவப்பு மத்தாப்புக்கு என்னப்பா சேர்ப்பாங்க?" என்று என் வகுப்பில் கேட்டால், "ஸ்ட்ரான்ஷியம், டீச்சர்" என்று பதில் வந்துவிடும். பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம், மஞ்சளுக்கு சோடியம். பேரியத்துக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டதில் யார் யாருக்கு வேலை குறைந்தது என்பதுகூட அவர்களுக்குத் தெரியும். சிவகாசியில் பட்டாசு ஆலைக்கு ஆள் போகாத தெரு ஏது?

நிறமாலைப் பாடத்தை நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். சூடேறிய தனிமம் ஒவ்வொன்றும் தனக்கே உரிய நிறங்களில் ஒளிவிடும். நட்சத்திரத்தின் வெளிவாயு அதே நிறங்களை உறிஞ்சிக்கொள்வதால், அதன் ஒளியைப் பிரித்தால் கருங்கோடுகள் தெரியும். எந்தக் கோடு எந்தத் தனிமத்துடையது என்று பார்த்தால், அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடலாம். 1868-இல் குண்டூர் வட்டாரத்தில் தெரிந்த முழு சூரிய கிரகணத்தின்போது, சோடியத்தோடு பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு சூரிய ஒளியில் தென்பட்டது. ஹீலியம் அப்படித்தான் பிடிபட்டது. பூமியில் அது கிடைக்க 1895 ஆனது.

வானவியல் ஒலிம்பியாட் தேடுவது இப்படி யோசிக்கிற பிள்ளையைத்தான். 2007-இல் தாய்லாந்தின் சியாங் மாயில் தொடங்கிய சர்வதேசப் போட்டி, 2025 ஆகஸ்டில் மும்பையில் நடந்தது. இந்தியாவில் முதல் படி, நவம்பர் கடைசியில் இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம் நடத்தும் தேர்வு. 10-ஆம் வகுப்பு வரை இளையோர் அறிவியல் தாள். 11, 12 மாணவர்களுக்கு வானவியல், இயற்பியல் தனித்தனித் தாள்கள். அதில் தேறினால் அடுத்த எழுத்துத் தேர்வு, பிறகு மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் பயிற்சி முகாம். வானவியல் அணிக்கு ஐந்து பேர்.

சர்வதேசப் போட்டியில் கணக்கோடு வானத்தைப் பார்க்கவும் தெரிய வேண்டும். துருவ நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் ஊரின் அட்சரேகை. சிவகாசியில் அது சுமார் 9.5 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை அடிவானத்தில் வைத்தால், முஷ்டியின் மேல்விளிம்பை ஒட்டி நிற்கும். ஐரோப்பியப் பிள்ளைகள் படத்தில் மட்டும் பார்க்கிற தெற்குச் சிலுவை, கோடை இரவுகளில் நம் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். மழை குறைந்த வறண்ட ஊர் என்பதால்தான் இங்கே பட்டாசுத் தொழில் வேரூன்றியது. அதே வறட்சி நமக்குத் தெளிந்த இரவுகளையும் தருகிறது.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு செய்யும் காலம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பர். தீபாவளி ஆர்டர் நெருக்கும் அந்த நாட்களில், பெற்றோர் வீடு திரும்பவே இருட்டிவிடும். அவர்கள் கேட்டு வருவார்கள் என்று காத்திருந்தால் கடைசித் தேதி போய்விடும். எனவே தலைமையாசிரியர்களே, ஆகஸ்டு முதல் வாரத்திலேயே காலை வழிபாட்டில் அறிவியுங்கள். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்குப் பள்ளியே கட்டட்டும். பழைய வினாத்தாள்கள் ஹோமி பாபா மையத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பதக்கம் பிறகு வரட்டும். முதலில் விருதுநகர் மாவட்டத்திலிருந்து விண்ணப்பங்கள் போகட்டும்.