வீடா, சானடோரியமா?

காசநோய் வந்தால் சானடோரியத்தில் படுக்க வேண்டும். நல்ல காற்று, சத்தான சாப்பாடு, முழு ஓய்வு இல்லாமல் குணமாகாது. 1950-களில் டாக்டர்கள் பலரும் இப்படித்தான் நம்பினார்கள். சென்னையில் நோயாளிகளோ ஏராளம், படுக்கைகளோ சொற்பம். ஐசோனியாசிட், பாஸ் என்ற மருந்துகள் வந்துவிட்ட பிறகு, குடிசையில் இருந்தபடியே அவற்றைச் சாப்பிட்டால் போதாதா? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கையில் எடுத்தது. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார்.

யாருக்கு வீடு, யாருக்கு சானடோரியம் என்பதை டாக்டர் கையில் விட்டிருந்தால், துவண்டுபோனவரை சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். தெம்பாக இருப்பவரை வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருப்பார். இரக்கம்தான். ஆனால் ஒப்பீடு அந்த இடத்திலேயே கெட்டுவிடும். வீட்டில் இருந்தவர்கள் தேறினால், அது மருந்தின் பலனா, முதலிலேயே நோய் லேசாக இருந்ததா? பின்னால் எத்தனை கணக்குப் போட்டாலும் இதைப் பிரித்துச் சொல்வது கடினம். ஆகவே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். இரு பக்கமும் அதே மருந்துகள், ஓராண்டுக்கு. குலுக்கிப் பிரிக்கும் இந்த வழியை 1948-ல் வெளியான பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து ஆய்வு காட்டியிருந்தது.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடவில்லை. முன்கூட்டிச் சொல்லாமல் வீட்டுக்குப் போய், மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு சில சொட்டு விட்டால் நிறம் சிவந்துவிடும். இந்த ஏற்பாடு இல்லையென்றால், தோற்றது மருந்தா, மறந்துபோன நோயாளியா என்று தெரியாமலே போயிருக்கும்.

ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். இந்த வித்தியாசத்தைப் பெரிதாக்கக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் நூறு பேருக்கும் குறைவு. ஐந்தாறு பேரின் நிலை மாறியிருந்தாலே அது மறைந்திருக்கும். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் மேலாகவே கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். நெரிசலான வீடு, அரைகுறைச் சாப்பாடு, பலருக்கு வேலையும் உண்டு. அப்படியும் இவ்வளவு நெருங்கி வந்தார்கள் என்பதுதான் செய்தி.

என்னை மிகவும் கவர்வது ஆய்வுத் திட்டத்தின் இன்னொரு பகுதி. நோயாளி வீட்டிலேயே இருந்தால் பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் தொற்றாதா? நோயாளி தேறினால் ஆய்வு முடிந்தது என்று ஒதுங்கியிருக்கலாம். ஆய்வாளர்களோ குடும்பத்தாரையும் ஆய்வில் சேர்த்து, ஐந்தாண்டு தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவரோடு வாழ்ந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. தொற்று பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. எந்த முதலமைச்சரும் எந்த சுகாதார அதிகாரியும் கேட்டே தீரும் கேள்விக்கு இப்படி விடை தயாராக இருந்தது. 1962-ல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது.