உங்களுக்குத் தெரியுமா? தோலிலும் தெரியும் ரத்தப் புற்றுநோய்

ஜப்பானின் தென்மேற்குப் பகுதியில், முக்கியமாக கியூஷூ தீவில் பிறந்தவர்களிடம் ஒரு விநோதமான ரத்தப் புற்றுநோயை டாக்டர் கியோஷி தகாட்சுகியும் சகாக்களும் கவனித்து, 1977-இல் தனி நோயாக அறிவித்தார்கள். ‘வயதுவந்தோர் டி-செல் லுகேமியா/லிம்போமா’ என்பது அதன் பெயர்.

இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தோலும் பாதிக்கப்படுகிறது. சிவந்த திட்டுகள், தடிப்புகள், சிறு சிறு பருக்கள், சிலருக்குப் புண்ணாகிவிடும் கட்டிகள். பார்ப்பதற்குக் கரப்பான், படை போலவே இருப்பதால், களிம்பு தடவியே மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு. வேதனையான தாமதம் அது. ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், உட்கரு இதழ் இதழாகப் பிரிந்து பூப்போல விரிந்த டி-செல்கள் தென்படும். மருத்துவர்கள் அவற்றைப் ‘பூ செல்கள்’ என்றே அழைக்கிறார்கள்.

காரணம், எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ். தாய்ப்பால், உடலுறவு, ரத்தம் வழியாகப் பரவும். வைரஸ் இருப்பவர்களில் 100-க்குச் சுமார் 5 பேருக்கே இந்த நோய் வரும். அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. நாகசாகியில் 1987 முதலே கர்ப்பிணிகளுக்கு வைரஸ் பரிசோதனை செய்து, தொற்றுள்ள தாய்மார்களுக்குப் புட்டிப்பாலைப் பரிந்துரைத்தார்கள். குழந்தைகளுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்தது.

எந்த ஊரானாலும், களிம்புக்கு அடங்காமல் நீடிக்கும் தடிப்பு இருந்தால், பயாப்சி தேவையா என்று தோல் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.